சாசனமும் சமாதியும்

பண்டைய நாகரிகங்களைப் பற்றிய பாடம் நம்முடைய சரித்திரப் புத்தகங்களில் வெகு காலமாக ஒரே அச்சில் வார்க்கப்பட்டு வருகிறது. முதலில் ஆறு வரும். ஆற்றை அடுத்து அரசன், அரசனை அடுத்துச் சட்டம், பிறகு எழுத்தும் கட்டடங்களும். எல்லாம் முடிந்த பின், பந்தியின் கடைசியில் பாயசம் வைப்பதுபோல, இறந்தவர்களை அடக்கம் செய்த விதம். இந்த வரிசையை நானும் பல்லாண்டுக் காலம் பிசகாமல் நடத்தியவன். ஹமுராபியை ஒரு வகுப்பிலும் மம்மியை மற்றொரு வகுப்பிலும் முடித்து, இரண்டு மதிப்பெண் வினா எது, ஐந்து மதிப்பெண் வினா எது என்று குறித்துக் கொடுத்துவிட்டு, கடமை தீர்ந்ததாக எண்ணியிருந்தவன். சட்டத்தையும் ஈமத்தையும் பிரித்து வைப்பது பிழை என்பதையும், அவ்விரண்டும் ஒரே வினாவுக்கு மனிதன் தேடிய விடைகள் என்பதையும், அந்த வினா பதினான்கு வயதுக் குழந்தையின் நெஞ்சிலும் குடியிருக்கக்கூடும் என்பதையும் எனக்கு உணர்த்தியது ஒரு நாளைய வகுப்பு.

அன்று எகிப்தியப் பாடம். பிரேதத்தின் மூக்கு வழியே கொக்கியைச் செலுத்தி மூளையை எடுத்ததையும், குடலையும் ஈரலையும் தனித்தனி ஜாடிகளில் இட்டதையும், உடலை உப்பில் கிடத்தி உலர்த்தியதையும், எழுபது நாள் கழித்துத் துணி சுற்றிப் பெட்டியில் வைத்ததையும் நான் சற்று வேடிக்கையாகவே சொல்லிக்கொண்டு போனேன். வகுப்பு சிரித்தது. மூன்றாம் பெஞ்சின் ஓரத்திலிருந்த ஒரு பெண் மட்டும் மேஜையின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தகப்பனாரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து அந்த வாரந்தான் அவள் பள்ளிக்குத் திரும்பியிருந்தாள். அது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அந்த அரை மணி நேரம் நினைவில் வராமற்போயிற்று. எகிப்தியப் பிரேதத்தை வேடிக்கைப் பொருளாக்கியபோது, அதுவும் ஒரு வீட்டில் அழுகையோடு எடுத்துச் செல்லப்பட்ட உடல் என்பதை நான் மறந்துபோனேன். அந்த மறதியே அவளையும் மறக்கச் செய்தது.

அதற்குப் பின் அந்தப் பாடத்தை ஒரு வினாவிலிருந்து தொடங்குவது என்று முடிவு செய்தேன். ஒருவன் மற்றொருவனுக்குத் தீங்கு செய்கிறான். தண்டனையின்றியே வாழ்ந்து, வயோதிகனாகி, நல்ல மரணமும் அடைகிறான். அந்தக் கணக்கு எங்கே தீர்க்கப்படும்? இங்கேயா, வேறெங்கேயாவதா, எங்கும் இல்லையா? இவ்வினாவைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் பாபிலோனியாவுக்குப் போக வேண்டும் என்று தோன்றிற்று.

பாரிஸ் நகரத்து லூவர் காட்சிசாலையில் இன்று நிற்கும் ஹமுராபியின் கல் 7 அடிக்கு மேல் உயரமுள்ளது. மெருகேற்றிய கரிய கல். கி.மு. 1792 முதல் 1750 வரை பாபிலோனை ஆண்ட அவ்வரசன், கல்லின் உச்சியில், சூரியனும் நீதியின் அதிதேவதையுமான ஷமாஷின் முன் ஒரு கையை வாயருகே உயர்த்தி வணங்கி நிற்கிறான். அமர்ந்திருக்கும் தெய்வம் கோலையும் வளையத்தையும் அவன்பால் நீட்டுகிறது. அதன் கீழே நிரை நிரையாக ஏறத்தாழ 282 விதிகள். கண்ணுக்குக் கண் என்ற ஒன்றை மட்டுமே நம் மாணவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் அவ்விதி தமக்குச் சமமான குடிமகனின் கண்ணைப் பறித்தவர்க்கு மட்டுமே உரியது என்பதையும், எளிய குடியானவனின் கண்ணுக்கு ஒரு மினா வெள்ளி கொடுத்தால் போதும் என்பதையும், அடிமையின் கண்ணுக்கு அவனது விலையில் பாதியை அவனுடைய எஜமானனிடம் செலுத்த வேண்டும் என்பதையும் சேர்த்துப் படித்த பிறகே அந்தச் சமுதாயத்தின் முகம் தெரிகிறது. ஹமுராபிக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் முற்பட்ட, ஊர் என்னும் பெயருடைய நகரத்து அரசன் ஊர்-நம்முவின் பெயரால் வழங்கும் சட்டத்தொகுப்பில் உடற்காயங்களுக்கு வெள்ளியே ஈடாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. பழமை ஆக ஆகக் கொடுமை மிகும் என்று நினைக்கும் மாணவர்களுக்கு இது ஆச்சரியத்தைத் தரும், தரவும் வேண்டும்.

அரசாங்கத்தின் இயல்பையும் இவ்விதிகளினூடேயே காட்டிவிடலாம். ஒருமுறை அளித்த தீர்ப்பைப் பின்னர் மாற்றியெழுதிய நியாயாதிபதி, அவ்வழக்கின் தொகையைப்போல் பன்னிரு மடங்கு செலுத்தி, மீண்டும் ஏறாதவாறு ஆசனத்தினின்றும் நீக்கப்படுவான். கொள்ளைக்காரன் அகப்படாவிட்டால், பறிகொடுத்தவன் தெய்வ சந்நிதியில் சொன்ன இழப்பை அந்த ஊரும் ஊர்த்தலைவனும் ஈடு செய்ய வேண்டும். உயிரே போயிருந்தால் உறவினருக்கு ஒரு மினா வெள்ளி அளிக்க வேண்டும். குற்றவாளி தப்பினால் பாதிக்கப்பட்டவனை அப்படியே விட்டுவிடலாகாது என்ற இந்தச் சிரத்தையை நான் மாணவர்களிடம் இரண்டு முறை படிக்கச் சொல்வதுண்டு.

கொத்தனாரைப் பற்றிய விதியை வாசித்த அன்று வகுப்பு வெகு நேரம் அங்கேயே நின்றுவிட்டது. வீடு இடிந்து விழுந்து உரிமையாளன் இறந்தால் கட்டியவன் கொல்லப்படுவான். உரிமையாளனின் மகன் இறந்தால் கட்டியவனின் மகன் கொல்லப்படுவான். ஒரு மாணவன் எழுந்து, இது மனுநீதிச் சோழன் கதைபோல இருக்கிறது என்றான். பொருத்தமான நினைவுதான், ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அவை எதிரெதிர்த் திசையில் நடப்பது புலப்படும். திருவாரூரில் தேரை ஓட்டியவனே சக்கரத்தின்கீழ்க் கிடத்தப்படுகிறான். கன்றை இழந்த பசுவின் துயரத்தை அரசன் தானும் அடைய விரும்புகிறான். பாபிலோனிலோ குற்றம் தகப்பனுடையது, சாவு ஏதுமறியாப் பிள்ளையுடையது. மகன் என்பவன் தகப்பனின் உடைமை என்று கருதினால் அன்றி இவ்விதி நியாயமாகத் தோன்றாது. ஒரே விதமான கண்ணீர், வேறு வேறு தர்மம். இதைச் சொல்லாமல் இரு கதைகளும் ஒன்று என்று தலையசைத்துவிடும் ஆசிரியன், ஒப்புமை காட்டிய மகிழ்ச்சியில் சிந்தனையைக் கைநழுவ விடுகிறான்.

இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும். அக்காலத்து வழக்குகளின் களிமண் பலகைகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன; தீர்ப்புக்கு ஆதாரமாக இந்தக் கல்லைக் காட்டும் வழக்கம் அவற்றில் காணப்படவில்லை. அப்படியானால் இக்கல் எதற்காக? சாசனத்தின் இறுதிப் பகுதியில் அரசன், அநீதிக்கு ஆளானவன் தன் உருவத்தின் முன் வந்து, எழுத்தை வாசிக்கக் கேட்டு, மனம் தேறித் தன்னை வாழ்த்தட்டும் என்கிறான். தன் சொல்லை அழிப்பவனைத் தெய்வங்கள் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அழைத்துச் சபிக்கிறான். நியாயசபைக்குக் கட்டளையிடும் குரலைக் காட்டிலும், தன் ஆட்சியைப் பற்றித் தெய்வத்துக்கும் பின்வருவோருக்கும் சாட்சியம் சொல்லும் குரலே இதில் ஓங்கி நிற்பதாக எனக்குப் படுகிறது. கி.மு. 12-ஆம் நூற்றாண்டில் ஈலாம் நாட்டு அரசன் ஷுத்ருக்-நஹுந்தே இக்கல்லைக் கொள்ளைப்பொருளாகச் சூசாவுக்குக் கொண்டுபோனான். சில நிரைகள் அங்கே அழிக்கப்பட்டன. 1901-02-இல் பிரெஞ்சு அகழ்வாளர்கள் அதைத் துண்டுகளாகக் கண்டெடுத்தார்கள். கல் கைதியாய்க் கிடந்த காலத்திலும் சொல் அழியவில்லை. மெசபடோமியப் பள்ளிகளில் எழுத்துப் பயின்ற சிறுவர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அவ்விதிகளைக் களிமண்ணில் பிரதி செய்துவந்திருக்கிறார்கள். என் வகுப்பு மாணவர்கள் நோட்டில் எழுதும்போது, தங்களுக்கு முன் அதே வாக்கியங்களை எழுதி விரல் நொந்த பிள்ளைகள் இருந்தார்கள் என்று அறிந்தால், சற்று நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

இந்த மக்கள் நீதியை இவ்வளவு பிடிவாதமாக மண்ணுக்கு மேலேயே தேடியது ஏன்? விடை மண்ணுக்குக் கீழே இருக்கிறது. பாபிலோனியர் எண்ணிய பாதாளம் இருள் மண்டியது. அங்கே புழுதியே உணவு. இறந்தோர் பறவைகளைப்போல் இறகு போர்த்திருப்பர். நல்லவனுக்கு ஓரிடம், தீயவனுக்கு வேறிடம் என்ற பாகுபாடு பொதுவாக அங்கே இல்லை. கில்கமேஷ் காவியத்தின் பன்னிரண்டாம் பலகை இறந்தோரின் நிலையை விவரிக்கும்போது, ஒருவனுக்கு எத்தனை புதல்வர்கள் என்ற கணக்கையே எடுத்துக்கொள்கிறது. ஒரே மகனை உடையவன் அழுகிறான். எண்ணிக்கை ஏற ஏற நிலை உயர்கிறது. படைப்பதற்கு எவருமற்றவன் தெருவில் எறிந்த எச்சிலை உண்கிறான். ஊர் நகரத்தின் வீடுகளில் தரைக்கு அடியிலேயே குடும்பத்தாரின் கல்லறைகள் இருந்தன; வாழ்பவர் நடந்த தளத்தின் கீழே மூதாதையர் கிடந்தார்கள். அவர்களுக்குக் காலந்தோறும் அன்னமும் நீரும் அளிப்பதைக் கிஸ்பு என்றார்கள். தென்புலத்தாரை ஓம்புவதை இல்லறத்தானின் கடமைகளுள் முதலில் வைத்து எண்ணும் மரபில் பிறந்தவர்களுக்கு, அமாவாசை தோறும் எள்ளும் தண்ணீரும் இறைக்கும் பாட்டனாரைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு, இதை விளக்கப் படம் வேண்டியதில்லை. ஆனால் அதன் பின்விளைவை விளக்க வேண்டியிருக்கிறது. மரணத்துக்கு அப்பால் தண்ணீர் உண்டு, தீர்ப்பு இல்லை என்றால், தீர்ப்பு அனைத்தும் இங்கேயே முடிந்தாக வேண்டும். ஆகையால் கல் வேண்டும்.

நைல் நதிக்கரையில் நிலைமை நேர்மாறு. மூவாயிரம் ஆண்டு சரித்திரமுடைய பாரோக்களின் எகிப்திலிருந்து, ஹமுராபியின் கல்லுக்கு இணை சொல்லத்தக்க ஒரு சட்டத்தொகுப்பு நமக்குக் கிடைக்கவில்லை. அங்கே மாஅத் என்ற ஒரு சொல் இருந்தது. சத்தியம், நியாயம், உலக ஒழுங்கு ஆகிய மூன்றையும் உள்ளடக்கிய அச்சொல்லுக்கு மிக நெருங்கிய உறவு வேதத்தின் ருதம் என்று சொல்லலாம். மூன்றாம் துத்மோசின் பிரதம மந்திரி ரெக்மிரேயின் சமாதிச் சுவரில், அமைச்சனைப் பதவியில் அமர்த்தும்போது அரசன் கூறும் புத்திமதி பொறிக்கப்பட்டிருக்கிறது. தெரிந்தவனையும் தெரியாதவனையும் ஒன்றாக நோக்கும்படி கூறிவிட்டு, அரசன் ஒரு முன்னோடியைச் சுட்டுகிறான். கெத்தி என்ற அமைச்சன், தன் சுற்றத்தாருக்குப் பரிந்தான் என்ற பழி வந்துவிடுமோ என்று அஞ்சி, அவர்கள் பக்கம் நியாயமிருந்தபோதும் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தான். அது நீதியின் மிகை, ஆகையால் அதுவும் அநீதி. பட்சபாதத்துக்கு அஞ்சுவதும் ஒரு பட்சபாதமே என்ற இத்துணை நுண்மையான கருத்து ஒரு சமாதியின் சுவரில் எழுதப்பட்டிருப்பதை, அரசாங்கம் என்ற தலைப்பில் சேர்ப்பதா, அடக்கம் என்ற தலைப்பில் சேர்ப்பதா?

மூளையை எறிந்துவிட்ட எகிப்தியர் இருதயத்தை மட்டும் உடலுக்குள்ளேயே விட்டுவைத்தார்கள். ஏனென்றால் விசாரணைக்கு வரவேண்டிய சாட்சி அது. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்திலுள்ள ஆனி என்ற எழுத்தனின் பாப்பிரஸ் ஓவியத்தில் அந்த விசாரணையைக் காணலாம். தராசின் ஒரு தட்டில் இருதயம், மறு தட்டில் மாஅத்தின் ஒற்றை இறகு. நரித்தலை அனுபிஸ் முள்ளைப் பார்க்கிறான். கொக்குத்தலை தோத் எழுதுகோலோடு நிற்கிறான். பின்னால், முதலைத் தலையும் சிங்க உடலும் நீர்யானைப் பின்புறமும் கொண்ட அம்மித் காத்திருக்கிறது. இறந்தவன் 42 தேவர்கள் முன்னிலையில் தான் செய்யாத பாவங்களைச் சொல்ல வேண்டும். எடைக் கல்லில் மோசம் செய்யாமை, குழந்தையின் வாயிலிருந்து பாலைப் பறிக்காமை, ஓடும் நீரை மறிக்காமை, பிறரை அழவைக்காமை இவையெல்லாம் அப்பட்டியலில் இருக்கின்றன. வீதியில் எழுதப்படாத சட்டம் சவப்பெட்டிக்குள் எழுதி வைக்கப்பட்டது.

இவ்வளவில் நிறுத்தினால் எகிப்து நமக்கு மனநிறைவைத் தரும். ஆனால் மாணவர்களிடம் அடுத்ததையும் காட்டத்தான் வேண்டும். பிரேதத்தின் மார்பின்மேல் வண்டு வடிவக் கல் ஒன்றை வைப்பார்கள். அதன் அடிப்பக்கத்தில், சபையில் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே என்று சொந்த இருதயத்தையே வேண்டிக்கொள்ளும் மந்திரம் செதுக்கப்பட்டிருக்கும். உண்மையைத் தவிர வேறெதையும் அறியாத தராசு என்று நம்பியவர்களே, சாட்சியின் வாயைக் கட்டவும் வழி தேடினார்கள். இதைப் பாசாங்கு என்று தள்ளுவது எளிது. பயம் என்று நான் கொள்கிறேன். தன் இருதயம் தன்னைப் பற்றி என்ன சொல்லுமோ என்று நடுங்குபவன், அதன் வாக்கை மெய்யென்று ஒப்புக்கொண்டவன் அல்லவா?

நம்பிக்கையின் வலிமையை அளக்க வேறொரு சான்றும் உண்டு. ஒன்பதாம் ராம்சேசின் காலத்தில், அமென்பனுஃபெர் என்ற கல்தச்சன் தன் கூட்டாளிகளோடு சோபெகெம்சாஃப் என்னும் பழைய மன்னனின் சமாதியைத் துளைத்து, அரசனுடைய உடலிலும் அரசியுடைய உடலிலும் இருந்த பொன்னைக் கழற்றிக்கொண்டு, பெட்டிகளுக்குத் தீ வைத்தான். 160 தெபென் பொன்னை எட்டுப் பேர் பங்கிட்டார்கள். பிடிபட்டபோது தன் பங்கை எழுத்தர் ஒருவனுக்குக் கொடுத்து வெளியே வந்ததையும், கூட்டாளிகள் தங்கள் பங்கிலிருந்து அவனுக்கு ஈடு செய்ததையும் அவனுடைய வாக்குமூலமே சொல்கிறது. மறுமையின் தராசை நம்பிய நாட்டில், இம்மையின் நியாயம் கைமாறும் பொன்னில் கரைந்துபோயிற்று. ஒரு முனையை மட்டும் இறுகப் பிடித்த சமுதாயம் மறு முனையில் நழுவுகிறது என்று இதிலிருந்து நான் துணிகிறேன். ஒரு சான்றிலிருந்து இவ்வளவு துணியலாமா என்று ஒரு மாணவன் கேட்டான், கேட்டது நியாயமே.

சட்டமும் தராசும் இரண்டுமே எட்டாத இடம் ஒன்றுண்டு. 1922 முதல் 1934 வரை ஊர் நகரத்தை அகழ்ந்த லியோனார்ட் வூல்லி, அங்கே அரச மயானத்தைக் கண்டார். சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு பெருங்குழியில் 74 பேர் வரிசை வரிசையாகக் கிடந்தார்கள். அவர்களில் 68 பேர் பெண்கள். பொன் இலைகளும் நீலமணிகளும் தலையை அலங்கரிக்க, யாரோ ஒருவருக்குத் துணையாக அனுப்பப்பட்டவர்கள். அருகில் கிடந்த கிண்ணங்களைக் கண்ட வூல்லி, அவர்கள் நஞ்சு அருந்தி அமைதியாகத் துயின்றார்கள் என்று கருதினார். பிற்காலத்தில் இரண்டு மண்டையோடுகளைக் கதிர்ப்படம் எடுத்துப் பார்த்த பென்சில்வேனியப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், தலையில் விழுந்த அடியின் தடயங்களைக் கண்டார்கள். அப்பெண்களுள் ஒருத்தியின் இடுப்பருகே சிறு வட்டமாக ஏதோ ஒட்டிக்கிடந்தது. சுத்தம் செய்து பார்த்தபோது அது வெள்ளி நாடா; மற்றவர்கள் கூந்தலில் கட்டியிருந்ததைப் போன்றது; கடையில் சுற்றி வைத்தபடியே பிரிக்கப்படாமல் இருந்தது. அவள் தாமதமாக வந்திருக்க வேண்டும், கட்டிக்கொள்ள நேரமில்லாமல் உடையில் செருகிக்கொண்டிருக்க வேண்டும் என்று வூல்லி எழுதினார். எந்த விதியின்கீழ் அவள் அழைக்கப்பட்டாள், மறுக்கும் உரிமை அவளுக்கு இருந்ததா என்பதற்கு எழுத்து இல்லை. அரசாங்கம் எது என்று கேட்கும் மாணவனுக்கு நான் இப்போது முதலில் காட்டுவது இந்த நாடாவைத்தான். யாருடைய சொல்லுக்கு இத்தனை பேர் குழிக்குள் இறங்குகிறார்களோ, அங்கே அரசு இருக்கிறது.

இதற்கு அடுத்த வகுப்பில் ஹரப்பாவின் மயானத்தைப் பார்க்கும்போது மாணவர்களுக்கு மூச்சு விடுவது எளிதாகிறது. சில பானைகள், ஒரு சங்கு வளையல், சில மணிகள். அரசனுடையது என்று சொல்லத்தக்க ஒரு சமாதியும் அகப்படவில்லை. எடைக் கற்கள் நகரத்துக்கு நகரம் ஒத்திருக்கின்றன. ஆகவே ஏதோ ஓர் ஒழுங்கு ஆண்டிருக்கிறது. அது எது என்று எழுத்து வாசிக்கப்படும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஆதிச்சநல்லூரின் தாழிகளைப் பற்றி, ஊர் அருகில் இருப்பதால், பிள்ளைகளுக்கு நானே சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் எனக்குச் சொல்கிறார்கள்.

அந்தப் பெண்ணுக்கு வருகிறேன். பாபிலோனியப் பாதாளத்தைப் பற்றி நான் சொல்லிமுடித்த நாளன்று, மணி அடித்து எல்லோரும் போன பின், அவள் மேஜையருகே வந்து நின்றாள். "எங்க அப்பாவுக்கு நாங்க மூணு பொண்ணுங்கதான் சார். அப்படின்னா அவருக்குத் தண்ணி யாரு விடுவாங்க?" என்றாள். கொள்ளி வைத்தவன் பெரியப்பா மகன் என்றும், அவன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான் என்றும் சொன்னாள். ஆறுதலாகச் சொல்வதற்கு வாயில் வந்த வார்த்தைகள் யாவும் பொய்யாகத் தோன்றினமையால், படித்துவிட்டுச் சொல்கிறேன் அம்மா என்று மட்டும் கூறினேன்.

சில வாரங்கள் கழித்து, சிரியாவில் யூப்ரடீஸ் கரையிலிருந்த எமார் என்ற நகரத்தைப் பற்றிப் படித்தேன். புதிய அணைக்கட்டின் நீர் சூழுமுன் 1970-களில் பிரெஞ்சு அகழ்வாளர்கள் அங்கே மீட்டெடுத்த பலகைகளுள், கி.மு. 13-ஆம் நூற்றாண்டை ஒட்டிய உயில் சாசனங்கள் இருக்கின்றன. ஆண் மகவில்லாத தகப்பன், சாட்சிகளின் முன்னிலையில், முத்திரையிட்டு, தன் மகளைப் பெண்ணாகவும் ஆணாகவும் நியமிப்பதாக எழுதுகிறான்; தன் குலதெய்வங்களையும் தன் இறந்தோரையும் இனி அவளே பெயர் சொல்லி அழைப்பாள் என்கிறான். சொத்துரிமையும் நீர்க்கடனும் ஒரே களிமண் பலகையில், ஒரே வாக்கியத்தின் இரு பகுதிகளாக எழுதப்பட்டிருந்தன.

மறுநாள் அதை அவளிடம் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, அந்த ஊரின் பெயரை எழுதித் தரச் சொன்னாள். அவளுடைய சரித்திர நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.